பெயர் கூறும் எழுத்து: அல்பேட்டஸ் அச்செழுத்துப் பற்றிய ஒரு திறனாய்வு

நூலொன்றைக் கையிலெடுப்போர் அதன் பொருளை நோக்குவர், நடையை நோக்குவர், விலையையும் நோக்குவர். அந்நூலின் சொற்களைத் தாங்கி நிற்கும் எழுத்து எத்தகைய வடிவினது, அவ்வடிவை வகுத்தவர் யாவர், அவர் கையிலிருந்த கருவி யாது என்று நோக்குவோர் மிகச் சிலரே. கோயிற்றூணின் போதிகையை ஆராய்தற்கு அறிஞருளர். செப்புத் திருமேனியின் விரல் வளைவை விளக்குதற்கு நூல்களுள. அச்செழுத்தோ அச்சுக்கூடத்தாரின் தொழிற்காரியமென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. நாள்தோறும் பல நாழிகை நம் கண் தோய்ந்து கிடக்கும் ஒரு கலைப்பொருளைப் பற்றி யாதுங் கூறாதிருத்தல் முறையன்று என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது ஒரேயோர் எழுத்துவகை. ஆங்கிலம் முதலிய மொழிகள் எழுதப்பெறும் உரோம எழுத்திலே, 1930களில் இங்கிலாந்தில் அச்சுக்கென ஆக்கப்பெற்ற அல்பேட்டஸ் என்பதே அது. அதன் பெயரைக் கேட்டறியாதவரும் அதன் முகத்தை எங்கேனும் கண்டிருப்பர்.

உரோம எழுத்துக்கள் அச்சில் இருபெரும் பிரிவினவாக வழங்குகின்றன. ஒன்று, கோட்டின் நுனிகளிற் குறுக்கே சிறு பாதம் போன்றதோர் உறுப்பையுடையது. அவ்வுறுப்பைச் செரிவ் என்பர். மற்றது, அஃதின்றி, அறுத்துவிட்ட குச்சிபோல் மொட்டையாக நிற்பது. அல்பேட்டஸ் இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்று வினவின், விடை கூறுதல் எளிதன்று. அதன் தண்டு நடுவிலே சற்று ஒடுங்கி, நுனியை அணுகுந்தோறும் மெல்ல அகன்று, கூரிய மூலையோடு முடிகின்றது. பாதம் தனியே ஒட்டப்படவில்லை. தண்டே பாதமாக விரிகின்றது. உடுக்கையின் இடை ஒடுக்கத்தைப் பத்திலொரு பங்காகக் குறைத்து எண்ணிப்பார்ப்பின் அத்தோற்றம் ஒருவாறு புலப்படும். கோடு தடித்தது, ஆயினும் பாரமாகத் தோன்றுவதில்லை. பெரிய எழுத்துக்களுள் 'யு' என்பது வலப்புறத் தண்டு அடிவரை இறங்கி நிற்கச் சிறிய எழுத்தின் சாயலைக் கொள்கின்றது. இவ்வெழுத்துவகையை இனங்காண விரும்புவோர் முதலில் அதனையே தேடுக.

இதனை 'இதமான எழுத்து', 'வெதுவெதுப்பான எழுத்து' என்று வருணித்தல் எழுத்தியல் பேசுவோரிடையே வழக்கு. எழுத்துக்கு வெப்பமேது எனச் சிரிப்பார் சிரிக்கலாம். ஆயினும் அவ்வுவமையைப் பிரித்து நோக்கின் அதனுள் ஓர் உண்மை கிடக்கின்றது. அளவுகோல் வைத்து இழுத்த கோட்டிலே கையின் சுவடு இல்லை. அது எந்த இடத்திலும் ஒரே அகலமுடையது. ஆகவே அதில் நிகழ்ச்சி ஒன்றுமில்லை. அல்பேட்டஸின் தண்டிலோ ஓரங்கூட முழு நேர்கோடன்று. மேலிருந்து கீழே கண் இறங்கும்போது அகலம் குறைந்து, மீண்டும் கூடுகின்றது. ஒருவர் அழுத்தி, தளர்த்தி, மீண்டும் அழுத்திய செயலை நாம் அறியாமலே உணர்கின்றோம். வெம்மை எனப்படுவது இவ்வாறு மனிதச் செயல் ஒன்று வடிவிலே தங்கியிருத்தலன்றிப் பிறிதன்று. அலங்காரத்தினால் வருவது வேறு. கொடியும் பூவும் சுற்றிய எழுத்துக்கள் எத்தனையோ குளிர்ந்து கிடக்கின்றன.

அச்செயல் யாது என்பதே இவ்வெழுத்தைப் பற்றி முதன்மையாக அறியவேண்டியது. இதனை வகுத்தவர் பேர்த்தோல்ட் வோல்ப்பே என்பார். 1905 இல் ஜேர்மனியில் பிராங்பேட் நகரை அடுத்த ஒவ்வன்பாக்கிலே யூதக் குடும்பத்திற் பிறந்தவர். எழுத்தோவியராவதற்கு முன் அவர் உலோக வேலை பயின்றவர். வெண்கலப் பலகையிலே எழுத்துப் பொறிக்க இரு வழிகளுண்டு. எழுத்தின் கோட்டைக் குடைந்து பள்ளமாக்குவது ஒன்று. எழுத்தைத் தொடாது, அதனைச் சூழ்ந்த நிலத்தையெல்லாம் வெட்டித் தாழ்த்தி, எழுத்தை மேடாக எஞ்சவிடுவது மற்றது. வோல்ப்பே இரண்டாவது வழியிற் பொறித்தார். இதனை ஊன்றி நோக்குக. குடைபவனுடைய உளி எழுத்தின் உள்ளே ஓடுகின்றது. கோடு எப்படிச் செல்கின்றதோ அப்படியே அதுவுஞ் செல்லும். நிலத்தைத் தாழ்த்துபவனுடைய உளியோ எழுத்திற்கு வெளியே சுற்றி வருகின்றது. அது எழுத்தை வரைவதில்லை, எழுத்தல்லாததை நீக்குகின்றது. நீக்கும்போது மெல்லிய பாதங்களையும் மயிரிழைக் கோடுகளையும் விட்டுவைத்தல் வீண் முயற்சி. அவை எளிதிற் சிதைவன. ஆகவே எழுத்துத் தானாகவே எளிமையடைகின்றது, தடிப்புறுகின்றது, நுனியிலே மாத்திரம் சற்று அகன்று மூலையைக் காத்துக்கொள்கின்றது. பாதம் குறுகிப் பெயரளவில் நின்றதும் அதனாற்றான். வெண்கலத்திற்கு வேண்டிய அளவு கூர்மை தாளுக்கு வேண்டியதில்லை என்பதனால், அச்சுக்கென வகுக்கும்போது அக்கூர்மையைச் சற்றே தணித்தார்.

இவ்விடத்திலே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். அல்பேட்டஸைப் பற்றிப் பேசுவோர் பலர் அதனைக் 'கல்வெட்டெழுத்தின் வழி வந்தது' என்று பொதுப்படக் கூறி, உரோமாபுரியிலே கி.பி. 113 இல் எழுந்த திராஜன் தூணின் அடியிலுள்ள எழுத்துக்களோடு சேர்த்துவிடுகின்றனர். அது பொருந்தாது. திராஜன் எழுத்துக் கல்லிற் குடைந்த பள்ளம்; அதனை நாம் காண்பது பள்ளத்தில் விழும் நிழலினால். வோல்ப்பேயின் எழுத்து மேடு. அதனைக் காண்பது மேட்டின்மீது படும் ஒளியினால். அன்றியும், திராஜன் எழுத்தின் பாதங்கள் உளியினாற் பிறந்தவையல்ல, கல்லிலே முதலில் எழுதிய தட்டைத் தூரிகையினாற் பிறந்தவை என்று எட்வேட் காற்றிச் 1968 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வாதம் பெரும்பாலும் ஏற்கப்பட்டும் உளது. எனவே, ஒன்று தூரிகையின் மகவு, மற்றது உளியின் மகவு. இரண்டையும் ஓரினமாக எண்ணுவது கல், வெண்கலம் என்னும் பெயர்களின் பழமையில் மயங்குவதேயாகும்.

கருவியே எழுத்தின் வடிவை வகுக்கின்றது என்னும் இவ்வுண்மை தமிழ் படித்தார்க்குப் புதிதன்று. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதுவோர் ஓலை பொத்துவிடுமென்று புள்ளியை விட்டுவிட, குறிலும் நெடிலும் வேறுபாடின்றி மயங்கிக் கிடந்தமையை ஏட்டுச்சுவடியோடு பழகியோர் அறிவர். இலக்கணத்தினும் எழுத்தாணி வலிது என்பதற்கு அதுவே சான்று. எழுத்தாணி ஒரு சமுதாயத்தின் எழுத்தை வகுத்ததுபோல, வெண்கலத்தின் மீது ஒருவர் பிடித்த உளி அல்பேட்டஸை வகுத்தது.

வோல்ப்பேயின் ஆசிரியரை இங்கே கூறாது விடுதலும் தகாது. ஒவ்வன்பாக்கிலே றுடோல்ப் கொக் என்னும் பேராசானிடம் அவர் 1920களிற் பயின்றார். கொக், 1923 இல் வெளிவந்த தமது நொய்லாந்து என்னும் எழுத்திற்கு, தாளில் வரைபடம் எதுவும் வரையாது, உருக்கிலே நேரே வெட்டியவர். நொய்லாந்து கோடரியால் வெட்டியதுபோன்ற முரட்டுத் தோற்றமுடையது. ஆசிரியரின் நேர்மை மாணவரிடம் வந்தது, முரட்டுத்தன்மை வரவில்லை. ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து வெளியிட்ட அரிச்சுவடி ஒன்று 1934 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கொக் மறைந்தார். அதற்குமுன்னரே ஹிற்லரின் ஆட்சி தொடங்கிவிட்டது.

1932 இல் இலண்டனுக்குச் சென்றிருந்தபோது வோல்ப்பே, மொனோரைப் நிறுவனத்தின் எழுத்தியல் ஆலோசகராயிருந்த ஸ்ரான்லி மொறிசனைச் சந்தித்தார். வெண்கலப் பொறிப்புக்களின் ஒளிப்படங்களைக் கண்ட மொறிசன், அவற்றை அச்செழுத்தாக ஆக்கித்தருமாறு வேண்டினார். பெரிய எழுத்துக்கள் மாத்திரம் கொண்ட தலைப்பெழுத்து 1935 இல் வெளிவந்தது; சிறிய எழுத்துக்கள் அத்தசாப்தத்தின் இறுதியிலும், மிகத் தடித்ததும் மெலிந்ததுமாகிய வடிவங்கள் 1940 இலும் வந்தன. அந்த 1935 இலேயே வோல்ப்பே தாய்நாட்டை விட்டு இங்கிலாந்திற் குடியேறினார். எழுத்துக்கு இடப்பெற்ற பெயரோ 1280 இற் கொலோன் நகரில் மறைந்த மெய்யியலறிஞரும், தோமஸ் அக்குவைனசின் ஆசிரியருமாகிய பெரிய அல்பேட்டஸ் என்பாரது. ஜேர்மன் நாட்டறிவின் தலைமகன் ஒருவரது பெயர், ஜேர்மனியிலே தொழில் செய்ய இயலாது வெளியேறிய ஒருவரது எழுத்தின் மீது அமைந்தது. 1940 இல், தடித்த அல்பேட்டஸ் வெளிவந்த அதே ஆண்டில், அவரைப் பகைநாட்டார் எனக்கொண்டு பிரித்தானிய அரசு காவலில் வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. மறு ஆண்டு மீண்டார். 1947 இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். ஒரு தேசத்தின் பொறிப்பெழுத்தை ஆக்கிக்கொண்டிருந்தவரை அத்தேசம் வேற்றாளெனக் கண்டது. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டிவரும்.

இனி, இவ்வெழுத்தின் பயனைப் பற்றிய விவாதத்திற்கு வருவோம். மொனோரைப் நிறுவனத்தின் விளம்பரப் பணியை நடத்திய பேற்றிஸ் வோட் என்னும் அம்மையார் 1930 இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையொன்றில், நல்ல அச்செழுத்துத் தெளிந்த பளிங்குக் கிண்ணம் போன்றது. உள்ளேயுள்ள மதுவைக் காட்டித் தன்னை மறைத்துக்கொள்வது என்னுங் கருத்தை நிறுவினார். 1932 ஒக்ரோபரில் மொறிசனின் மேற்பார்வையிலே 'ரைம்ஸ்' பத்திரிகைக்கென வந்த புதிய எழுத்து அக்கொள்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உலகெங்கும் கோடிக்கணக்கான பக்கங்களில் ஒருவரும் அதனைக் காணாமலே படித்துவருகின்றனர். அங்ஙனமாயின், மறையவேண்டும் என்று போதித்த அதே நிறுவனம், கண்ணைப் பற்றி இழுக்கும் அல்பேட்டஸை வெளியிட்டது முரணன்றோ? முரணன்று என்பதே எம் துணிபு. கதை சொல்லும் எழுத்து வேறு. பெயர் கூறும் எழுத்து வேறு. கதை சொல்லுங்கால் எழுத்துத் தோன்றலாகாது. பெயர் கூறுங்கால் எழுத்துத் தோன்றியே ஆகவேண்டும். வாயிலில் நின்று ஒருவரது பெயரை அழைப்பவன் மெல்லிய குரலில் அழைத்தால் யாரும் திரும்பார். அவனே அவ்வுரத்த குரலில் புராணம் முழுவதையும் படிக்கத் தொடங்கின் சபை கலைந்துவிடும். அல்பேட்டஸ் வாயிலில் நிற்பது.

இதனை யான் நூலிற் கற்றதைக் காட்டிலும் பிழையிற் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கான ஆங்கில நிகழ்ச்சிநிரலைக் கணினியிற் கோத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத்தின்மீது கொண்ட காதலினால், தலைப்பு முதல் நன்றியுரை ஈறாக, பரிசு பெறும் மாணவர் பெயர் அனைத்தையும் தடித்த அல்பேட்டஸிலேயே அமைத்தேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் பெருமிதத்தோடு நீட்டினேன். அவர் தாளைக் கையெட்டும் தூரத்திற் பிடித்துப் பார்த்து, "தம்பி, எல்லாரும் ஒண்டாய் நிண்டு கூப்பிடுகினம் போலைக் கிடக்கு. ஆர் ஆரைக் கூப்பிடுகினம் எண்டுதான் விளங்கேல்லை" என்றார். வேறு சொல் தேவைப்படவில்லை. ஆயினும் தாள்கள் முன்னரே அச்சாகிவிட்டமையால் அக்கூச்சலே அன்று மண்டபமெங்கும் வினியோகிக்கப்பட்டது. நூறு பெயர்கள் ஒருங்கு நிற்கும்போது அவை பெயராக நில்லாது பட்டியலாகிவிடுகின்றன. பட்டியல் கதையின் இனத்தது.

வோல்ப்பே தாமே தம் எழுத்தை எங்ஙனம் பயன்படுத்தினார் என்பதைக் காண்பதற்கு அவருடைய மேலுறைகளைப் பார்த்தல் வேண்டும். 1941 முதல் 1975 வரை அவர் இலண்டனிலுள்ள பேபர் அன்ட் பேபர் பதிப்பகத்திற் பணியாற்றி, ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட மேலுறைகளை ஆக்கினார். கவிஞர் ரி.எஸ். எலியற் நெறியாளருள் ஒருவராக வீற்றிருந்த பதிப்பகம் அது. எம்மூர் நூலகங்கள் மேலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நூலுக்குக் காக்கித் தாள் போடும் வழக்கமுடையன; ஆகவே அவற்றை யான் நூலகத்திற் கண்டதில்லை. வெளிவாரிப் பட்டத்திற்கு ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கொண்டு படித்த காலத்திலே, பழைய புத்தகக் கடையொன்றில் மேலுறை கிழியாத கவிதைத் தொகுதியொன்று அகப்பட்டது. ஒரே நிறப் பின்னணி, படமில்லை, கவிஞர் பெயரும் நூற்பெயரும் மாத்திரம். கவிஞர் பெயர் மேலே அகன்று நின்றது. நூலைத் திறவாமலே, உள்ளிருப்பவர் ஒருவர் வந்து முன்னே நின்றதுபோலிருந்தது. உள்ளேயிருந்த கவிதைகள் எனக்கு அன்று முற்றாக விளங்கவில்லை. இன்றும் சில விளங்கவில்லை. மேலுறை விளங்கிற்று.

அம்மேலுறைகள் பலவற்றில் வோல்ப்பே அச்செழுத்தை எடுத்து வரிசையாகக் கோத்துவிடவில்லை. அல்பேட்டஸின் உறவினர் எனத்தக்க எழுத்துக்களைத் தூரிகையாலும் பேனாவாலும் கையாலேயே எழுதினார். தலைப்பின் நீளத்திற்கேற்ப ஓரெழுத்தை அகட்டுவார், ஒன்றை ஒடுக்குவார். அச்செழுத்து அவருக்குச் சுரம், மேலுறை ஆலாபனை. இவ்வேறுபாட்டை உணராது, அவருடைய மேலுறைகளின் அழகு முழுவதையும் அல்பேட்டஸ் என்னும் அச்செழுத்தின் கணக்கில் வரவு வைப்போர் உளர். அச்செழுத்தை வாங்கி அடுக்குவோர்க்கு அவ்வழகு வாராதபோது எழுத்தை நோவது நேர்மையன்று.

இலண்டன் மாநகரின் பழைய நடுவிடமாகிய 'சிற்றி' என்னும் சதுரமைற் பகுதியிலே தெருப்பெயர்ப் பலகைகள் அல்பேட்டஸ் எழுத்தினால் அமைந்துள்ளன. எம் கருத்தில் இவ்வெழுத்தின் மிகச் சிறந்த பயன் இதுவே. பாற்றெரு, உரொட்டித் தெரு என்று பொருள்படும் இடைக்காலச் சந்தைப் பெயர்கள் அங்கே இன்றும் வழங்குகின்றன. பாற்றெருவில் 1478 இல் தோமஸ் மோர் பிறந்தார், உரொட்டித் தெருவில் 1608 இல் மில்ரன் பிறந்தார். 1940 டிசம்பர் 29 ஆம் நாளிரவு வீழ்ந்த குண்டுகளால் அப்பகுதியின் பெரும்பங்கு எரிந்தது. பற்றனோஸ்ரர் உரோ என்னும் புத்தகத் தெருவிலே இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பராயின. பழைய வீடுகள் இல்லை, பெயர்கள் உள. அப்பெயர்களை ஏந்தி நிற்கும் எழுத்து எத்தகையதாயிருத்தல் வேண்டும்? மொட்டைக் குச்சியெழுத்து வைப்பின் அது விமான நிலைய அறிவிப்பாகிவிடும். பழங்கால எழுத்தை வைப்பின் அது நாடகத்திரையாகிவிடும். அல்பேட்டஸ் பழமையை நடிக்கவுமில்லை, பழமையை மறுக்கவுமில்லை. மூலையைத் திருப்பும் வழிப்போக்கனுக்குத் தெருவின் பெயரைத் தெளிவாகவும் மரியாதையாகவும் கூறிவிட்டு நின்றுவிடுகின்றது. ஒளிப்படங்களிற் கண்டமட்டில், சுவரின் பெருமையையும் அது குலைக்கவில்லை. அத்தெருக்கள் எரிந்த ஆண்டிலே காவலில் இருந்த ஒருவர் வகுத்த எழுத்து அத்தெருக்களின் பெயரைக் கூறுகின்றது.

இத்தனை நல்லியல்புகளையும் தலைகீழாக்கிக் காட்டியது ஒரு தொலைக்காட்சித் தொடர். 1967 செப்ரெம்பர் முதல் 1968 பெப்ரவரி வரை பிரித்தானியாவில் 17 பகுதிகளாக ஒளிபரப்பான 'கைதி' என்னும் தொடரே அது. பற்றிக் மக்கூன் நடித்தது. வேல்ஸ் நாட்டிலுள்ள போட்மேரியன் என்னும் அழகிய கடற்கரையூரிலே படமாக்கப்பட்டது. கதையில் அவ்வூர் ஒரு சிறை; ஆயினும் மதிலில்லை. எல்லாரும் புன்னகை செய்வர்; இசை ஒலிக்கும்; ஒருவர்க்கும் பெயரில்லை, எண்களே உள. அவ்வூரின் பலகைகள், அறிவித்தல்கள், வரைபடங்கள் எல்லாம் அல்பேட்டஸின் சற்றே மாற்றிய வடிவில் எழுதப்பட்டிருந்தன. சிறிய 'ஐ' எழுத்தின் மேலுள்ள புள்ளி நீக்கப்பட்டிருந்தது. இவ்வெழுத்தைத் தெரிந்தவர் யாராயினும் அவர் ஒரு சிறந்த திறனாய்வாளர். கொடுங்கோன்மைக்குக் கூரிய, கறுத்த, அச்சுறுத்தும் எழுத்தைக் கொடுப்பது எவர்க்கும் இயலும். இதமான எழுத்திலே கட்டளை பிறக்கும்போதுதான் அக்கட்டளையின் கொடுமை முழுமையாகத் தெரிகின்றது. பெயர் கூறுவதற்கென ஆகிய எழுத்தை, பெயர் பறிக்கப்பட்ட ஊருக்குக் கொடுத்தனர்.

இதனால், எழுத்தின் குணம் எழுத்திலே இல்லை, வைக்கும் இடத்திலேதான் உளது என்று முடிவுகட்டுவார் உளர். யாம் அவ்வாறு எண்ணவில்லை. அத்தொடரில் வேறெழுத்து எதனை இட்டிருப்பினும் அவ்வச்சம் பிறந்திராது. அல்பேட்டஸ் உண்மையிலே இதமுடையதாயிருந்தமையினாற்றான் அவ்விதம் அங்கே பொய்யாயிற்று. இல்லாத குணத்தைப் பொய்யாக்குதல் இயலாது. வேற்றாளெனக் காவலில் இருந்தவரது எழுத்து ஒரு கற்பனைச் சிறையின் எழுத்தானதை வோல்ப்பே எவ்வாறு கொண்டாரோ, அது வேறு செய்தி. அவருக்கு அக்காலத்திலே பிற பணிகள் இருந்தன. 1966 இல் 'ரைம்ஸ்' பத்திரிகையின் தலைப்பெழுத்தைப் புதுக்கியவரும் அவரே.

இவ்வினத்திலே பின்னர் வந்த எழுத்துக்களுள் ஒப்ரிமாவை மாத்திரம் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஹேர்மன் சாப் என்னும் ஜேர்மன் எழுத்தோவியர் 1950 இல் புளோரன்சு நகரின் சான்ரா குறோச்சே தேவாலயத் தளத்திலுள்ள கல்லறைப் பலகைகளைக் கண்டு, கையிற் றாளின்மையால் பணநோட்டு ஒன்றின் மீது முதல் வரைவை எழுதிக்கொண்டார் என்பர்; அச்செழுத்து 1958 இல் வெளிவந்தது. அதன் தண்டும் நுனியில் அகல்வதே. ஆயினும் அது குடைந்த கல்லின் வழித்தோன்றல். மெலிந்தது, நேர்த்தியானது, குளிர்ந்தது. வாஷிங்ரனில் 1982 இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரிலே ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் ஒப்ரிமாவிற் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே அல்பேட்டஸை வைத்து எண்ணிப் பார்த்தேன், பொருந்தவில்லை. என் பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரலின் பிழையே அங்கும் நேர்ந்திருக்கும். அத்தனை பெயரும் ஒருங்கே மௌனமாயிருத்தற்கு ஒப்ரிமாவே தகும். தனித்து நிற்கும் ஒரு பெயரைக் கல்லிலோ பலகையிலோ இடுவதாயின் ஒப்ரிமா அருகே வர இயலாது.

குறையைக் கூறாது விடுவது திறனாய்வன்று. அல்பேட்டஸின் சிறிய எழுத்துக்கள் பெரிய எழுத்துக்களின் தரத்தில் இல்லை. பெரிய எழுத்துக்கள் வெண்கலத்திற் பிறந்தவை. சிறியவை அச்சின் தேவைக்காகப் பின்னர் வருவிக்கப்பட்டவை. வளைவும் வாலும் நிறைந்த அவ்வுருக்களை, மேட்டெழுத்தின் இயல்பு முழுமையாக ஆளவில்லை. ஒரு சொல் இரண்டு சொல் அளவில் அவை தம் அண்ணன்மார்க்குத் துணைபோகும். ஒரு பத்தி நீளின் கண் களைக்கின்றது. மிகத் தடித்த வடிவமும் அத்துணைச் சிறந்ததன்று. நுனி அகல்வதற்கு இடமின்றி எழுத்தெல்லாம் மையாகிவிடுகின்றது. இடையொடுக்கம் தெரிவதற்கு எழுத்தைச் சூழ வெள்ளை வேண்டும். நடுத்தரத் தடிப்புடைய பெரிய எழுத்துக்களே, அதாவது 1935 இல் முதலில் வந்தவற்றின் வழியினவே, இன்றும் முதன்மையானவை. அவற்றையும் நெருக்கிக் கோத்தலாகாது. எழுத்துக்கெழுத்து நன்கு காற்றுப் போகவேண்டும்.

1990களின் தொடக்கத்தில் எச்பி நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறிகளினுள்ளேயே அல்பேட்டஸ் வைத்துத் தரப்பட்டது. அதனால் வெண்கலத்தையும் எலியற்றையும் அறியாத அலுவலகங்களிலிருந்து, வாகனத் தரிப்பிட அறிவித்தலும் தேநீர்ச்சாலைக் கணக்கும் இவ்வெழுத்திலே வெளிவந்தன. ஒரு வகையில் அது நன்று. நல்ல பாத்திரம் எல்லார் வீட்டுக்கும் போயிற்று. ஆயினும் எந்நேரமும் வாயிலில் நின்று அழைப்பவனை ஈற்றில் யாரும் செவிமடுப்பதில்லை. 1989 இல் வோல்ப்பே இலண்டனில் மறைந்தார். 2017 இல் மொனோரைப் நிறுவனம் அவருடைய எழுத்துக்கள் பலவற்றைப் புதுக்கி வெளியிட்டது. அப்பணியைச் செய்த தோஷி ஒமகாரி என்பார், கணினிக்கு மாற்றியபோது விடுபட்டவற்றுட் சிலவற்றை மீட்டுச் சேர்த்து, அல்பேட்டஸுக்கு மிக மெலிந்தது முதல் மிகக் கறுத்தது வரை ஐந்து தடிப்புக்களை வகுத்தார். நடுத் தடிப்பு மிக நன்றாக வந்துளது. கணினித் திரையிலும் தண்டின் இடை ஒடுங்குவது தெரிகின்றது. மிக மெலிந்ததை யான் பலமுறை முயன்று பார்த்தேன். அழகிய கோடுகள்தாம், ஆயினும் சூழவுள்ள நிலத்தையெல்லாம் வெட்டித் தாழ்த்தியபின் வோல்ப்பே எஞ்சவிட்ட வெண்கலம் அங்கே இல்லை.